ஏவலுக்கும் ஓர் இலக்கணம்

கருவிகள் மக்களுக்காக ஏற்பட்டன. மக்கள் கருவிகளுக்காக ஏற்பட்டவரல்லர். ஓய்வுநாளைக் குறித்துப் பரிசேயரோடு வழக்காடியபோது நம் ஆண்டவர் நாட்டிய நியாயமும் இத்தன்மையதே. ஆயினும் உலக வழக்கில் இந்நியாயம் அடிக்கடி தலைகீழாகிவிடுகின்றது. ஒரு கருவி தாறுமாறாக நடந்து ஒருவன் உழைப்பைப் பாழாக்கினால், 'கருவி பொல்லாதது' என்பார் சிலர். 'இவனுக்கு அறிவு போதாது' என்பாரே பலர். அவனும் அதனை நம்பித் தலைகுனிந்து அகல்கின்றான். இத்தலைகுனிவு வேண்டாததென்பதையும், கருவியின் நடையைத் திருத்த வழி உண்டென்பதையும், அவ்வழி தமிழ் இலக்கணம் பயில்வார்க்குப் புதிதன்றென்பதையும் ஈண்டு ஒருசிறிது விளக்கப் புகுகின்றேன். எடுத்துக்கொண்ட கருவி, கணினியின் கட்டளைவரி.

கட்டளைவரி யாது?

கணினியை இயக்கும் நெறிகள் இரண்டு. திரையில் தோன்றும் படங்களையும் பொத்தான்களையும் தொட்டுக்காட்டி வேலை வாங்குவது ஒன்று. இதுவே இன்று பெரும்பாலார் அறிந்தது. வெறுந்திரையில் ஒரு வரி எழுதி ஏவுவது மற்றொன்று. அவ்வரியில் முதற்கண் நிற்பது ஏவற்சொல். அதனையடுத்துச் சிறுகோடிட்டு எழுதப்பெறும் ஓரெழுத்து அடைகள் நிற்கும். இறுதியில், எவற்றின்மேல் அவ்வேலை நிகழவேண்டுமோ அக்கோப்புகளின் பெயர்கள் நிற்கும். வினை, அடை, பொருள் என்னும் மூன்றுறுப்புடைய சிறு வாக்கியமே கட்டளைவரி என்க.

இவ்வகை ஏவல்களுள் இன்று பெருவழக்காயுள்ளவை யூனிக்ஸ் என்னும் இயக்குதளத்தின் வழிவந்தவை. அமெரிக்க நாட்டிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில், 1969ஆம் ஆண்டில், கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய அறிஞர்கள் அதனை ஆக்கத் தொடங்கினர். அந்நாளில் கணினிக்கு முன் திரையில்லை. 'டெலிடைப்' என்னும் தட்டச்சு இயந்திரமே இருந்தது. அது நொடிக்குப் பத்து எழுத்துக்கு மேல் அச்சிடாது. அதன் விசைகளும் அழுத்துதற்குக் கடினமானவை. ஆதலின் நகலெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'சி.பி.' என்றும், இடம்பெயர்த்தலைக் குறிப்பது 'எம்.வி.' என்றும், நீக்குதலைக் குறிப்பது 'ஆர்.எம்.' என்றும் இரண்டிரண்டு எழுத்தாகக் குறுகின. கைவலியை நோக்கிச் செய்த குறுக்கம் அது. அவ்வியந்திரங்கள் மறைந்தன, குறுக்கங்கள் மறைந்தில. 1981ஆம் ஆண்டிலேயே டொனால்ட் நார்மன் என்னும் உளநூற் பேராசிரியர், யூனிக்ஸின் அமைப்பைப் பாராட்டியும், அது மனிதனோடு பழகும் முறையைக் கடிந்தும் கட்டுரை வரைந்தார்.

இது நமக்கு எட்டாத வழக்கன்று. இணையத்தைத் தாங்கும் கணினிகளுட் பெரும்பாலன யூனிக்ஸின் நெறியைப் பின்பற்றிய லினக்ஸால் இயங்குகின்றன. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற பொறிகள் பலவற்றில், சி-டாக் நிறுவனம் ஆக்கிய 'பாஸ்' லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி மிதித்த பிள்ளையும் இவ்வெறுந்திரையின்முன் அமர நேர்கின்றது.

எம்மூராகிய விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்குள்ள பட்டறையொன்றிற் புதிதாக நுழைந்தவனுக்கும் கருவிகள் தம் வடிவத்தாலேயே தம் தொழிலை ஒருவாறு உணர்த்திவிடும். அச்சின் குழிவு, 'இங்கே ஊற்றுக' என்னும். சக்கரத்தின் வட்டம், 'இதனைச் சுழற்றுக' என்னும். களிமண்ணோ தன் ஈரத்தாலும் நிறத்தாலும் தான் எந்நிலையில் இருக்கின்றதென்பதைக் கைக்குச் சொல்லிக்கொண்டேயிருக்கும். வெறுந்திரைக்கு அவ்வாய் இல்லை. அதற்குள்ளது சொல் ஒன்றே. எனவே அச்சொல்லிற்கு இலக்கணம் செவ்விதாக அமைதல் இன்றியமையாதது. 'எளிதிற் புரியும் கருவி' என்று பாராட்டப்படுவது பெரும்பாலும் நல்லிலக்கணம் வாய்ந்த கருவியே என்பது என் துணிபு. அதனை ஐந்து வகையால் ஆராய்வோம்.

உருபு தொக்க தொடர்

'நாய் கடித்த பூனை' என்னும் தொடரைக் காண்க. நாயைக் கடித்த பூனையா? நாயால் கடிக்கப்பட்ட பூனையா? உருபு மறைந்தமையால் பொருள் மயங்குகின்றது. 'கந்தன் முருகனை அழைத்தான்' என்றாலோ மயக்கமில்லை. 'முருகனைக் கந்தன் அழைத்தான்' என்று சொற்களை இடம் மாற்றினும் பொருள் மாறாது. ஐ என்னும் ஓருருபு அவ்வளவு காவல் செய்கின்றது. ஆங்கிலத்தில் அக்காவலைச் சொல்நிற்கும் இடமே செய்தல் வேண்டும். ஆங்கிலேய வழக்கிற் பிறந்த கட்டளைவரியும் இடத்தையே நம்பி நிற்கின்றது.

'எம்.வி. அ ஆ' என்று ஒருவன் எழுதுகின்றான் என்க. ஆ என்பது ஓர் அடைவாயின், அஃதாவது கோப்புகளை வைக்கும் பெட்டியாயின், அ என்னும் கோப்பு அதனுட் புகும். ஆ என்னும் பெயரில் ஒன்றுமே இல்லையாயின், அ என்பதன் பெயர் ஆ என மாறும். ஆ என்பது முன்னரே உள்ள கோப்பாயின், அதிலிருந்தவை அழிந்து அ அதன் இடத்தில் அமரும். எழுதிய வரி ஒன்று. விளையும் பொருள் மூன்று. அம்மூன்றனுள் எது நிகழும் என்பது வரியில் இல்லை. எழுதுவோன் கண்ணுக்குப் புலனாகாத கணினியின் உள்நிலையில் இருக்கின்றது. மயக்கத்திற்கு இதனினும் மிக்க இடம் வேறு யாது?

இதற்கு மருந்தும் அக்கருவிகளிலேயே உண்டு. குனூ என்னும் இயக்கத்தார் ஆக்கிய 'சி.பி.', 'எம்.வி.' ஆகியவற்றில் 'டி' என்னும் சிற்றெழுத்து அடையை இட்டால், அதனை அடுத்த பெயர் சேருமிடமாகிய அடைவையே குறிக்கும். அப்பெயரில் அடைவில்லையாயின் கருவி பணியாது. பழைய 'டி.டி.' என்னும் ஏவலிலோ, 'ஐ.எப்.' என்று எழுதிச் சமக்குறியிட்டு மூலத்தையும், 'ஓ.எப்.' என்று எழுதிச் சமக்குறியிட்டு முடிவிடத்தையும் குறித்தல் வேண்டும். அவ்வேவலின் வடிவம் பிற ஏவல்களோடு ஒவ்வாமையால் அதனை எள்ளி நகையாடுவார் உளர். இலக்கணக் கண்கொண்டு நோக்கின், அஃது ஒன்றே வேற்றுமையுருபு விரிந்து நிற்பது! முன்னது நீங்கற்பொருளில் வரும் ஐந்தாம் வேற்றுமை. பின்னது கொள்வதைக் குறிக்கும் நான்காம் வேற்றுமை. இரண்டனையும் முன்பின்னாக மாற்றி எழுதினும் கேடில்லை. ஆதலின் புதிதாய்க் கருவி செய்வார்க்கு முதல் விதி இது: பொருள் மயங்குமிடத்தில் உருபை விரித்தெழுத வழி செய்க.

பலபொருள் ஒருசொல்

மொழியிற் பலபொருள் ஒருசொல் உண்டு. மா என்பது மரத்தையும் விலங்கையும் குறிக்கும். சூழலால் பொருள் தெளிதலின் அது குற்றமாகாது. கட்டளைவரியிலோ சூழல் மிகச் சிறிது. 'எப்' என்னும் அடை ஒன்றனையே நோக்குக. 'ஆர்.எம்.' என்பதோடு சேர்ந்தால், 'வினவாதே, வலிந்து நீக்கு' என்பது அதன் பொருள். 'டார்' என்பதோடு சேர்ந்தால், 'அடுத்து வருவது கோப்பின் பெயர்' என்பது. 'டெயில்' என்பதோடு சேர்ந்தால், 'கோப்பு வளருந்தோறும் தொடர்ந்து காட்டு' என்பது. 'கட்' என்பதோடு சேர்ந்தால், 'இத்தனையாவது புலம்' என்பது. இங்ஙனமே 'வி' என்னும் அடை 'சி.பி.' என்பதனிடத்துச் 'செய்வதை விரித்துக் கூறு' என்றும், 'கிரெப்' என்பதனிடத்து 'ஒவ்வாதவற்றையே காட்டு' என்றும் பொருள்படும்.

ஒரு கருவியிற் பழகிய கை மற்றொரு கருவியிடத்தும் அப்பழக்கத்தோடே செல்லும். அங்ஙனஞ் செல்லுதல் அறியாமையன்று. அறிவின் இயல்பே அது. கற்றதைக் கொண்டு கல்லாததை உய்த்துணர்தலன்றோ கல்வி? அவ்வுய்த்துணர்வைப் பொய்ப்பிக்கும் கருவி, கற்றவனையே தண்டிக்கின்றது. குனூ இயக்கத்தார் ஓரெழுத்து அடைகளோடு, இரட்டைக்கோடிட்ட நெடுஞ்சொல் அடைகளையும் அமைத்து, 'ஹெல்ப்', 'வெர்ஷன்' என்னும் இரண்டும் எல்லாக் கருவிகளிலும் ஒரே பொருளில் வருதல் வேண்டுமென விதித்தனர். ஓரெழுத்து கைக்கு எளிது. நெடுஞ்சொல் கண்ணுக்கு எளிது. நாளை பிறர் படிக்கவேண்டிய ஏவல்களை நெடுஞ்சொல்லால் எழுதுதலே நன்று.

எண்வகை விடை

உரையாடலில் வினாவும் ஏவலும் ஒருபாதி, விடை மறுபாதி. யூனிக்ஸ் மரபில் வேலை செவ்வனே முடிந்தால் கருவி ஒன்றும் பேசாது. 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்பது நம் நாட்டு வழக்கு. அங்கே மௌனம் வெற்றிக்கு அறிகுறி. புதியவனுக்கு இது செருக்காகத் தோன்றும். எனினும் அதற்குக் காரணம் உண்டு. 1973ஆம் ஆண்டில், டக்ளஸ் மக்கில்ராய் என்பாரின் கருத்துக்கிணங்க, ஒரு கருவியின் வெளியீட்டை மற்றொரு கருவிக்கு உள்ளீடாகப் பாய்ச்சும் 'குழாய்' யூனிக்ஸில் அமைந்தது. வீண்பேச்சும் குழாயிற் பாயுமாயின் அடுத்த கருவி குழம்பும். ஆகவே மௌனம் ஆண்டுப் பொருத்தமானதே. குறை வெற்றிக்கண் காட்டும் மௌனத்திலன்று; தோல்விக்கண் கூறும் விடையிலேயே உளது.

நன்னூலார் விடையை எட்டாக வகுத்தார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. கணினிக் கருவிகளின் மறுமொழிகளை இவ்வெட்டனுள் அடக்கிப் பார்த்தால் வியப்பு உண்டாகும். 'இயலாது' என்று மட்டும் கூறி நிற்பது மறை. 'இக்கோப்பைத் திறக்க உனக்கு உரிமையில்லை' என்று நேர்ந்த தடையைச் சொல்லுதல் உற்றது உரைத்தல். 'விவரம் வேண்டின் உதவிப்பக்கத்தைக் காண்க' என்பது சுட்டு. இல்லாத கருவியை ஒருவன் அழைத்தபோது, உபுண்டு என்னும் லினக்ஸ், 'இன்ன ஏவலால் அதனை நீயே நிறுவிக்கொள்க' என்கின்றது. அஃது ஏவல் விடை. 'கிட்' என்னும் கருவியிடம் ஒரு சொல்லைப் பிழைபட எழுதினால், அதனோடு ஒத்த சொற்களைக் காட்டி, 'இதுவோ நீ கருதியது?' என்னும் குறிப்புத் தருகின்றது, அஃது இனமொழி. 'ஆர்.எம்.' என்பதோடு 'ஐ' என்னும் அடை சேர்ந்தால், 'இதனை நீக்கவோ?' எனக் கேட்பது வினா எதிர் வினாதல். 'ஆர்சிங்க்', 'மேக்' முதலியவற்றில் 'என்' என்னும் அடையை இட்டால், ஒன்றையும் செய்யாமல், செய்யப் புகின் இன்னின்ன நிகழும் என்று மட்டும் சொல்லும். அது உறுவது கூறல்.

இவற்றுள் மறையோடு நின்றுவிடும் கருவி கடைப்பட்டது. உற்றதை உரைப்பது இடைப்பட்டது. உற்றதையும் உரைத்து, அடுத்துச் செய்யத்தக்கதையும் காட்டுவதே தலையாயது. ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இனமொழி கூறுதல் வேறு. அவ்வினத்தைத் தானே செய்துவிடுதல் வேறு. கிட் இயல்பாகக் குறிப்புத் தருமேயன்றி, ஏவினோன் முன்னரே அமைத்து இசைந்தாலன்றித் தானாகத் திருத்தி நடத்தாது. ஊகம் எத்துணை நுண்ணிதாயினும், இசைவின்றி அதனைச் செயலாக்குதல் பணிவிடையன்று, துணிகரம்.

பச்சை மண்ணும் சுட்ட பாண்டமும்

இனி, அழித்தலைப்பற்றிக் கூறுவாம். இதனை விளக்குதற்கு விருத்தாசலத்துச் சூளையினும் சிறந்த உவமை எனக்குத் தோன்றவில்லை.

அண்மையிலுள்ள நெய்வேலிச் சுரங்கப் பகுதியிற் கிடைக்கும் களிமண் அத்தொழிலுக்கு ஓர் அடிப்படை. வார்ப்பு முறையிற் செய்வோர் களிமண்ணோடு பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்த்து நீர்விட்டு அரைத்துக் களிக்குழம்பாக்கி, பாரிஸ் சாந்தினாற் செய்த அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்புறத்திற் களி படிந்து தடிக்கும். வேண்டிய தடிப்பு வந்தபின் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டுப் பாண்டத்தை எடுத்து உலர்த்துவர். இந்நிலையில் அது பச்சைப் பாண்டம். விரிசல் கண்டால் கவலையில்லை; உடைத்து நீரில் இட்டால் மீண்டும் குழம்பாகும். சூளையிற் புகுந்து ஏறத்தாழ 500 முதல் 600 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கடந்தாலோ, களிமண்ணின் அணுக்கட்டிற் பிணைந்துள்ள நீர் நீங்கிவிடும். பின்னர் எத்தனை நாள் நீரில் ஊறவைப்பினும் அது களிமண் ஆகாது. உடைந்தால் ஓடுதான்.

ஆகவே சூளைக்குட் செல்லுமுன் ஒவ்வொரு பாண்டத்தையும் கண்ணாலும் கையாலும் ஆராய்தல் தொழிலறிவு. குழம்பை ஊற்றும்போதும், அச்சைத் திறக்கும்போதும், உலர்த்தும்போதும் அதே கடுமையோடு தடுத்து வினவுவாராயின் வேலையும் நடவாது, வினவுதற்கும் மதிப்பிராது. மீளக்கூடிய இடத்தில் விரைவும், மீளவொண்ணாத வாயிலில் நிதானமும் வைத்தலே அத்தொழிலின் ஒழுங்கு.

கட்டளைவரி இவ்வொழுங்கை நெடுநாள் அறிந்திலது. 'ஆர்.எம்.' என்பது சூளை. ஆனால் அதன் வாயிலிற் கதவில்லை. நீக்கிய கோப்பு குப்பைக்கூடையிற்கூடத் தங்குவதில்லை. விண்மீன் போன்ற குறியொன்று உண்டு; 'எல்லாம்' என்பது அதன் பொருள். அக்குறியோடு ஒட்டி, ஒரு புள்ளியும் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தும் எழுதினால், 'அவ்வீற்றையுடைய கோப்புகள் எல்லாம்' என்றாகும். குறிக்கும் புள்ளிக்கும் நடுவே கைதவறி ஓர் இடைவெளி விழுந்தாலோ, 'எல்லாக் கோப்புகளும், அவற்றோடு புள்ளி-ஓ என்னும் பெயருடையதும்' என்று பொருள் மாறும். ஒரு சிறு பட்டறையின் கணக்குகளும், அச்சுக்களின் வரைபடங்களும், ஒரு மாணவனின் மூன்றாண்டுக் குறிப்புகளும் அவ்விடைவெளியில் வீழ்ந்து மறையக்கூடும். கருவி ஏன் தடுக்கவில்லை எனின், விண்மீன் குறியை விரித்துப் பெயர்களாக்குவது 'ஷெல்' என்னும் இடையாள், 'ஆர்.எம்.' காண்பது பெயர்ப்பட்டியலை மட்டுமே. ஏவினோன் எழுதிய வரி அதற்குத் தெரியாது.

இக்குறையைச் சிலர் சிறிது சிறிதாகத் திருத்தினர். இசட்-ஷெல் என்னும் இடையாள், 'ஆர்.எம்.' என்பதோடு தனித்த விண்மீன் வரக்கண்டால், உண்மையாகவே எல்லாவற்றையும் நீக்கவோ என்று தானே வினவும். குனூ 'ஆர்.எம்.' 2006ஆம் ஆண்டு முதல், கணினியின் மூல அடைவு முழுவதையும் நீக்கும் ஏவலைத் தனியடையின்றி ஏற்க மறுக்கின்றது. மேலும் அதன் சிறிய 'ஐ' கோப்புதோறும் வினவும். பெரிய 'ஐ' மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளையோ ஓர் அடைவை உள்ளடக்கத்தோடு முழுமையாகவோ நீக்கும்போது ஒருமுறை மட்டும் வினவும். பின்னதே சூளையறிவுக்கு ஒத்தது. நூறு முறை வினவப்பட்டவன் நூறு முறையும் படியாமலே 'ஆம்' என்பான். அளவிறந்த எச்சரிக்கை எச்சரிக்கையாகாது.

எழுத்தறியாத எழுத்தெண்ணி

இதுவரை கூறியவை எல்லா நாட்டார்க்கும் பொது. தமிழர்க்கே சிறப்பாயுள்ள இடர் ஒன்று உண்டு.

'டபிள்யூ.சி.' என்பது ஒரு கோப்பின் வரி, சொல், எழுத்து ஆகியவற்றை எண்ணும் ஏவல். 'அம்மா' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? முதல் வகுப்புக் குழந்தையும் அ, ம், மா என விரல்மடித்து மூன்று என்னும். கருவியோ, வரிமுடிவுக் குறியை நீக்கி எண்ணினும், 'சி' என்னும் அடையிட்டால் 15 என்னும். 'எம்' என்னும் அடையிட்டால் 5 என்னும். மூன்று என்று சொல்லும் அடை அதனிடத்து இல்லை.

காரணம் கூறுவேன். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒரு பகுதி அளிக்கப்பட்டது. அதில் உயிர்களுக்கும், அகரமேறிய மெய்களுக்கும், கால், கொம்பு, புள்ளி முதலிய துணைக்குறிகளுக்கும் தனித்தனியே எண் தரப்பட்டுளது. எனவே 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாகின்றது. யூ.டி.எப்.-8 என்னும் சேமிப்பு முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடங்கொள்ளும், ஆகவே 15. 'நன்னூல்' என்பதோ நமக்கு நான்கெழுத்து. அதற்கு 7 குறி, 21 பைட்டு.

இஃது எண்ணிக்கைப் பிழையோடு நிற்பதன்று. பெயரைப் பத்துப் பைட்டோடு வெட்டும் கருவி, 'அம்மா'வில் 'அம்' என்பதை விட்டு, அடுத்த குறியை நடுவே அறுத்துச் சிதைந்த உருவொன்றை நிறுத்தும். 'விகடகவி' என்னும் சொல் இருபுறமிருந்து படிப்பினும் ஒன்றே. மாலைமாற்றுக்கு எளிய எடுத்துக்காட்டு. குறிகளை மட்டும் கண்டு திருப்பும் கருவி, துணைக்குறியைத் தனியே தலையில் நிறுத்தி அச்சொல்லைக் குலைத்துவிடும். குறியெண்ணைக் கொண்டு சொற்களை அடுக்கினால், அகராதியிற் 'பழம்' என்பதற்குப் பின் நிற்கவேண்டிய 'பனை' முன் நிற்கும். யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருத்தலே காரணம். 'சார்ட்' என்னும் ஏவலுக்கு மொழிச்சூழல் தமிழ் என முன்னரே அறிவித்தால் முறையான வரிசை கிட்டும். ஆனால் அங்ஙனம் அறிவிக்க வேண்டுமென்பதைக் கருவி தானே சொல்வதில்லை.

தன் தாய்மொழியில் எழுத்து மூன்று என்று அறிந்த குழந்தையிடம், கற்றறிந்த பொறியொன்று ஐந்து என்று கூறினால், குழந்தை எதனை நம்பும்? பொறியை நம்பித் தன் அறிவை ஐயுறுமாயின், அந்நட்டத்தை எக்கணக்கில் எழுதுவது?

இதற்கும் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடோடு, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் தரும் 'டேஸ்-16' என்னும் முறையையும் ஏற்றது. 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்விப்ட்' என்னும் நிரல்மொழி, துணைக்குறியைத் தாய்க்குறியோடு சேர்த்து எண்ணுதலின் 'அம்மா' என்பதற்கு மூன்றே என்னும். 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலை முதலியோரின் 'ஓபன்-தமிழ்' தொகுப்பில், ஒரு தொடரைத் தமிழ் எழுத்துக்களாகப் பிரித்துத் தரும் செயல்கூறு உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்தென்னும் நம் கணக்கு அதற்குத் தெரியும். ஆகவே இயலாமை என்பதில்லை. வழக்கமான கருவிகளுக்குள் அவ்வறிவைப் புகுத்துதலே எஞ்சியுள்ள பணி.

பழைய வழக்கை மாற்றலாமோ?

'இத்துணைக் குறையுள்ளவற்றை ஒரே நாளில் மாற்றிவிடலாகாதா?' எனின், ஆகாது. பழைய நடையை நம்பி எழுதப்பெற்ற நிரல்கள் எண்ணிறந்தன. அவை திடுமென முறியும். இவ்வச்சம் எவ்வளவு தொலை செல்லும் என்பதற்கு 'மேக்' என்னும் கருவியின் வரலாறு சான்று. 1976ஆம் ஆண்டில் அதனை ஆக்கிய ஸ்டூவர்ட் பெல்ட்மன், ஒரு வகை வரிகள் 'டேப்' குறியோடு தொடங்கவேண்டுமென அமைத்தார். அது தீய அமைப்பென விரைவிற் புலப்பட்டது. ஆயினும் அதற்குள் பன்னிருவர் அளவில் நண்பர்கள் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டமையால், அவர்க்கு இடையூறு செய்ய விரும்பாது விட்டுவிட்டதாக அவரே பின்னர்க் கூறினார். அன்று பன்னிருவர்க்கு நேராத சிறு இடர், பின்னர் உலகிற் கணக்கற்றோர்க்கு நாடோறும் நேர்வதாயிற்று. எனவே பிழையை முளையிலே கிள்ளுக.

முற்றிய பிழைக்கும் வழி உண்டு. கிட் கருவியில், செய்த வேலையைப் பொதுவிடத்திற்கு அனுப்பும் 'புஷ்' என்னும் ஏவல், வேறொன்றும் குறியாவிடின், பெயரொத்த கிளைகள் எல்லாவற்றையும் அனுப்பும் இயல்பினதாயிருந்தது. ஒன்றை அனுப்பக் கருதியவன் பலவற்றை அனுப்பினான். முந்திய பதிப்புக்களிலேயே எச்சரிக்கை கூறி, 2014ஆம் ஆண்டில் வந்த 2.0 பதிப்பில், நின்ற கிளையை மட்டும் அனுப்பும் இயல்பாக அதனை மாற்றினர். 'செக்அவுட்' என்னும் ஏவலோ, கிளை மாறுதலையும் கோப்பைப் பழைய நிலைக்கு மீட்டலையும் ஒருங்கே செய்தது. முன்னது தீங்கற்றது, பின்னது சேமியாத திருத்தத்தை அழிப்பது. 2019ஆம் ஆண்டில் 2.23 பதிப்பில், 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என இரண்டாக அத்தொழிலைப் பிரித்தனர். பழைய ஏவலையும் நீக்காது வைத்தனர். புதியவனுக்குச் செவ்விய வழி; பழகியவனுக்குப் பழைய வழி. இலக்கணம் மாறும் முறையும் இதுவே அன்றோ?

நம் கடமை

இதுகாறும் கூறியவற்றால், கருவியின் நடை மனிதனுக்கு இயல்பாதற்கு ஐந்து வேண்டும் என்பது பெறப்படும். உறுப்புக்களின் பொருள் உருபால் விளங்குதல். ஒரு சொல் எங்கும் ஒரு பொருள் தருதல். தோல்விக்கண் உற்றதும் உறுவதும் கூறுதல். மீளவொண்ணாத வாயிலில் மட்டும் ஒருமுறை தடுத்து வினவுதல். ஏவுவோன் மொழியின் எழுத்தை அவன் எண்ணுமாறே எண்ணுதல். ஆங்கில ஏவலைத் தமிழ்ச் சொல்லாக மொழிபெயர்ப்பதால் மட்டும் இவை கிட்டா. மயங்கிய இலக்கணம் தமிழ் உடுத்தாலும் மயக்கமே.

மேற்கூறிய கருவிகளுட் பெரும்பாலன எவரும் திறந்து பார்த்துத் திருத்தத்தக்க உரிமையோடு வழங்கப்பெறுவன. நம் கல்லூரியிற் கணிதமும் கணினியும் பயில்வார்க்கு நிரலெழுதும் கை உண்டு. தமிழ் பயில்வார்க்குச் சொல்லாராயும் கண் உண்டு. கண்ணும் கையும் ஒரு மேசையிற் கூடினால், பிழைபட்ட மறுமொழி ஒன்றைத் திருந்திய மறுமொழியாக்கி அனுப்புதல் ஒரு மாலைப்பொழுதின் வேலையே. வெளியுலகிற் பெரும்பணி பார்க்கும் பழைய மாணவர்களும், தாம் ஆக்கும் கருவிகளில் இதனைக் கருத்தில் வைப்பாராக. கட்டளைவரியின்முன் இன்று தயங்கி அமரும் இளம் நண்பர்க்கோ நான் கூறத்தக்கது ஒன்றே: நீர் எழுதியது விளங்கவில்லையென்று பொறி கூறினால் உடனே உம்மை நொந்துகொள்ளற்க, அவ்வரியை எடுத்து அதன் இலக்கணத்தை ஆராய்க. பிழை எவ்விடத்ததென்பது வெளிப்படும். அதனைத் திருத்தும் தகுதியும் உமக்கு உண்டு.